பணிமூப்பு வரிசைப்படி ஒரு பந்தயம்

திருப்பரங்குன்றம் ரோட்டில், ஒரு கல்யாண மண்டபத்துக்கும் ஒரு டயர் கடைக்கும் நடுவில், நீர்வழி ஒருங்கிணைப்பு இயக்ககத்தின் மதுரை மண்டல அலுவலகம் இயங்கி வருகிறது. 'இயங்கி வருகிறது' என்பது அரசாணையில் உள்ள வாசகம், நாமாகச் சேர்த்தது இல்லை. வாய்க்கால் வெட்ட ஒரு துறை இருக்கிறது. மடை திறக்க இன்னொரு துறை இருக்கிறது. அவர்கள் எழுதும் கடிதத்தை இவர்களுக்கும், இவர்கள் எழுதும் பதிலை அவர்களுக்கும் அனுப்பி, மழை பெய்கிறவரை எல்லோரையும் பொறுமையாக வைத்திருப்பது இந்த அலுவலகத்தின் பணி.

இங்கே எந்த மண்டல இயக்குநர் வந்தாலும் கூடவே ஒரு பழக்கத்தையும் கொண்டுவருவார். ஒருத்தருக்கு வாஸ்து. அவர் இருந்த காலம் முழுக்க மொத்த அலுவலகமும் ஈசான மூலையைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்தது. மனு கொடுக்க வந்தவர்கள் முதுகைப் பார்த்துப் பேசினார்கள். அடுத்தவருக்கு மாடித் தோட்டம். ஊழியர்கள் வீட்டிலிருந்து மண் கொண்டுவந்தார்கள். கத்தரிக்காய் நன்றாகவே வந்தது. அவர் மாறுதலில் போனதும் செடியெல்லாம் காய்ந்தது.

அதற்குப் பிறகு வந்தவர் இன்பசேகரன். அவர் கொண்டுவந்தது டிரையத்லான்.

அது என்னவென்று உதவியாளர் நல்லகாமனுக்குத் தெரியாது. கண்காணிப்பாளர் ஆண்டிச்சாமிதான் விளக்கினார். ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிற மனிதர், முட்டி தேய்ந்தவர், விதிமுறை மட்டும் தேயாதவர்.

"முதல்ல கண்மாய்ல ரெண்டு கிலோமீட்டர் நீந்தணும். ஈரம் காயுமுன்ன எண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கணும். இறங்குன கையோட இருபத்தொரு கிலோமீட்டர் ஓடணும்."

"எதுக்குண்ணே?"

"எதுக்கா? சார் ஓடுறாரு, அதுக்கு. அதுவும் ரோட்டுல கிடையாது. ரோடே இல்லாத காடு கரட்டுலதான் ஓட்டணுமாம்."

"அப்ப விளாங்குடியில எங்க தெருவுலயே வச்சுக்கலாமே."

ஆண்டிச்சாமி சிரிக்கவில்லை. சிரிப்பதற்குத் தனி ஆணை எதுவும் வந்திருக்கவில்லை.

இன்பசேகரன் கையில் ஒரு வாட்ச் கட்டியிருந்தார். முந்தின நாள் அவர் எப்படித் தூங்கினார் என்று காலையில் அது சொல்லும். நல்ல தூக்கம் என்று சொன்னால் கோப்புகளில் கையெழுத்தாகும். ஆழ்ந்த தூக்கம் குறைவு என்று சொல்லிவிட்டால் அன்றைக்குச் சார் 'ரிக்கவரி'யில், அதாவது ஓய்வில், இருப்பார். எழுமலைப் பக்கம் பூசாரிக் கண்மாய் மடை ஷட்டர் துருப்பிடித்து இறுகிப்போய்விட்டது என்று மனுவோடு அலையும் ஜெயக்கொடி என்ற வயல்காரச் சம்சாரிக்கு இந்த வார்த்தை நன்றாகப் பழகிவிட்டது. வாசலிலேயே டிவிஎஸ் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பார்:

"அய்யா இன்னைக்கு எப்படித் தூங்கியிருக்காக?"

"சுமாராத்தான்."

"சரி, அடுத்த வாரம் வாரேன்."

அப்புறம் சுற்றறிக்கை வந்தது. எழுமலைப் பக்கத்திலேயே, அதே பூசாரிக் கண்மாயிலேயே, ஒரு தனியார் நிறுவனம் தை மாசம் அமெச்சூர்களுக்கான நெடுந்தூரப் போட்டி நடத்த இருப்பதாகவும், 'ஊழியர்களின் உடல்நலன் கருதி மேற்படி போட்டியில் தன்னார்வத்துடன் கலந்துகொள்வது அனைவருக்கும் கட்டாயம்' என்றும் அதில் கண்டிருந்தது. கணக்குப் பிரிவு ஜோசபின் மேடத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவருக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் போட்டியிலிருந்து விலக்கு. ஆகவே சந்தேகம் கேட்கும் தைரியம் இருந்தது.

"அமெச்சூர்னா காசு வாங்காம ஓடுறவங்கதான? நம்ம ஆளுங்க அன்னைக்கு ஆன் டூட்டி. சம்பளம் உண்டே?"

ஆண்டிச்சாமி யோசித்தார். "சம்பளம் ஆபீஸ் வேலைக்குக் குடுக்குறது. அதைத்தான் அன்னைக்குச் செய்யப் போறதில்லையே. அப்ப எல்லாரும் அமெச்சூர்தான்."

"அதைச் செய்யாத நாள் எல்லாமே அமெச்சூரா?"

"அந்தக் கேள்வி சுற்றறிக்கையில இல்லம்மா."

எட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். எட்டுப் பேருமே நாற்பதைத் தாண்டியவர்கள். நல்லகாமனுக்குப் பெயர் கொடுக்கத் தனிக் காரணம் ஒன்று இருந்தது. அவருக்கு நாகப்பட்டினத்துக்கு மாறுதல் உத்தரவு தயாராகி இயக்குநர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மனைவி சுபலட்சுமி விளாங்குடிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்த வேலையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு நாகப்பட்டினம் போக முடியாது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நல்லகாமன் இயக்குநர் முன்னால் போய் நின்றார்.

"குடும்பச் சூழ்நிலை சார்…"

இன்பசேகரன் வாட்சைப் பார்த்தார். "போட்டி முடியட்டும் நல்லகாமன். எப்படிப் பண்றீங்கன்னு பாக்குறேன்."

இதைக் கேட்டுவிட்டு ஆண்டிச்சாமி அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் போனார்.

"ஏய், எப்படிப் பண்றீங்கன்னா என்னன்னு நினைக்கிற? வேகமா ஓடுறதுன்னா? கூமுட்டை! சாருக்கு முன்னாடி போயிட்டன்னு வையி, நாகப்பட்டினம்கூடக் கிடைக்காது. ராமேஸ்வரத்துக்கும் அங்கிட்டுப் போட எடம் இருக்கான்னு தேடுவாரு."

அன்று மாலையே ஆண்டிச்சாமி ஒரு குறிப்பாணை தயாரித்தார். பொருள்: நீந்துதல், மிதித்தல், ஓடுதல் ஆகியவற்றில் பணிமூப்பைக் கடைப்பிடித்தல். முதலில் மண்டல இயக்குநர். அடுத்துத் துணை இயக்குநர் பாண்டிராஜ். அடுத்துக் கண்காணிப்பாளர். நாலாவது நல்லகாமன். அவருக்குப் பின்னால் இளையவர் நாலு பேர், பணியில் சேர்ந்த தேதி வாரியாக. வெளியாட்கள் யார் வேண்டுமானாலும் முந்தலாம். அவர்களுக்குப் பணிமூப்பு கிடையாது, பாவம்.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், நல்லகாமனுக்கு அந்தப் பாழாய்ப்போன பந்தயம் பிடித்துப்போய்விட்டது. சொந்த ஊர் எழுமலை. சின்ன வயசில் கிணற்றில் குதித்த உடம்பு. நாற்பத்தி மூன்று வயசு வரை நாற்காலியில் வைத்து மறந்திருந்த அந்த உடம்பைக் காலையில் எழுப்பி சைக்கிளில் ஏற்றினால், அது வைகைக் கரையோரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. வீட்டுக்கு வந்து இட்லியை ஒரு கட்டு கட்டினார். தொப்பை கரைந்தது. சுபலட்சுமியே ஒருநாள், "என்னங்க, ஆளே மாறிட்டீக" என்று சொன்னாள். அந்த மனிதருக்குச் சந்தோஷமாக இருந்தது. ரொம்ப வருஷத்துக்கப்புறம் தனக்கென்று சொந்தமாக ஒன்று இருக்கிற சந்தோஷம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அலுவலகக் கூட்டுப் பயிற்சி. இயக்குநர் முன்னால் ஒரு விலையுயர்ந்த சைக்கிளில் ஆடி அசைந்து போவார். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, ஆரஞ்சு சட்டை, முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கிற சாக்ஸ், பாக்கெட்டில் பசை மாதிரி ஏதோ சத்துணவு. எல்லாம் இருந்தது, வேகம் மட்டும் கடையில் கிடைக்கவில்லை. பின்னால் பாண்டிராஜ். பின்னால் ஆண்டிச்சாமி, முட்டியைச் சபித்தபடி. அவருக்குப் பின்னால் நல்லகாமன், இரண்டு கையிலும் பிரேக்கைப் பிடித்தபடி. கை வலித்ததே ஒழிய ஒருநாளும் கால் வலிக்கவில்லை.

விளாங்குடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அழகுபாண்டி ஒருநாள் கேட்டே விட்டான்.

"அண்ணே, டயர் புதுசா இருக்கு. செயின் புதுசா இருக்கு. பிரேக் கட்டை மட்டும் மாசத்துக்கு ஒருக்கா மாத்துறேன். நீங்க சைக்கிளை ஓட்டுறீகளா, நிப்பாட்டுறீகளா?"

"ரெண்டும்தான் மாப்ள. நல்ல கட்டையாப் போடு."

"இருக்கதுலயே நல்லது இதுதாண்ணே. இதுவும் ஓட்டுறவங்களுக்குச் செஞ்சது."

பந்தய நாள் வந்தது. பூசாரிக் கண்மாய் ததும்பி நின்றது. மடை ஷட்டர் இறுகிப்போனதால் தண்ணீர் வெளியே போகவில்லை; ஜெயக்கொடியின் வயல் காய்ந்தாலும் நீச்சலுக்கு வசதியாக இருந்தது. கரையில் காற்றடைத்த ஒரு பெரிய வளைவு நின்றது. புறப்படுவதும் அதன் கீழேதான், வந்து முடிப்பதும் அதன் கீழேதான். இரண்டையும் ஒரே வளைவில் சிக்கனமாக முடித்திருந்தார்கள். பெங்களூரு, சென்னை, கோயம்புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் கைகாலை உதறிக்கொண்டு நின்றார்கள். மைக்கில் ஒருத்தர் பிரிவுகளை வாசித்தார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட அமெச்சூர் ஆண்கள் பிரிவில் மொத்தம் பதினோரு பேர். அதில் எட்டுப் பேர் நீர்வழி ஒருங்கிணைப்பு இயக்ககம்.

விசில் ஊதியதும் மற்றவர்கள் தண்ணீரில் பாய்ந்தார்கள். நம்மவர்கள் வரிசையாக இறங்கினார்கள். இயக்குநர் நீந்தினார். நாலெட்டு வைக்கிற தூரம் போனதும் நின்று கண்ணாடியைச் சரிசெய்தார். வரிசை நின்றது. நீந்தும்போது நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நீந்தியவர்களுக்குத் தெரியும். நல்லகாமன் ஒரே இடத்தில் காலை அடித்துக்கொண்டு கிடந்தார். நீச்சல் தெரியாத ஆண்டிச்சாமி, ஏற்பாட்டாளர்களிடம் சண்டை போட்டு வாங்கிய லாரி டியூபில் நிலுவைக் கோப்பு மாதிரி மிதந்தார்.

"அண்ணே, உங்களைக் கொஞ்சம் தள்ளி விடவா?"

"தள்ளாத! பாண்டிராஜ் சாரைத் தாண்டிருவேன்!"

எப்படியோ கரையேறினார்கள். நேரக்கெடு முடிய ஒரு மூச்சு பாக்கி இருந்தது. சைக்கிள் ஏறினார்கள். கண்மாய்க் கரை, கடலைக்காடு, ஓடைமணல் என்று போய், கரட்டின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஏற்றம் முழுக்க இயக்குநர் தள்ளிக்கொண்டு நடந்தார். ஏழு பேரும் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். உச்சிக்கு வந்ததும் அவர் ஏறி உட்கார்ந்து இறக்கத்தில் மெதுவாக உருட்டினார். ஏழு பேரும் பிரேக்கைப் பிடித்தார்கள்.

அங்கேதான் நல்லகாமனின் பிரேக் கட்டை ஓய்வு பெற்றது.

முதலில் கிறீச்சென்று ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. சைக்கிள் தன் பாட்டுக்குப் பறக்க ஆரம்பித்தது.

"அண்ணே! பிரேக்கு பிடிக்கலண்ணே!"

ஆண்டிச்சாமியைத் தாண்டியாயிற்று.

"நில்லுய்யா! விதிப்படி தப்பு!"

பாண்டிராஜைத் தாண்டியாயிற்று.

"சார், மன்னிச்சிருங்க சார்! வேணும்னு இல்ல சார்!"

ஆரஞ்சு சட்டையையும் தாண்டியாயிற்று. அரசுப் பணியில் ஒரே இறக்கத்தில் மூன்று பதவி உயர்வு பெற்றவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

"நல்லகாமன்! யாரைக் கேட்டுப் போறீங்க?" என்று இயக்குநர் கத்தியதும், "அப்புறமா அனுமதிச்சுக்கிற பின்னேற்பு ஆணை வாங்கிரலாம் சார், அவன் நிக்கட்டும்" என்று ஆண்டிச்சாமி சமாதானம் சொன்னதும் காற்றில் காதில் விழுந்தன. பிறகு பாதை திரும்பியது, சைக்கிள் திரும்பவில்லை. அடிவாரத்து வெங்காயக் காட்டில் போய்ச் சொருகியது. நல்லகாமன் சேற்றுக்குள் குப்புறக் கிடந்தார்.

அடிபட்டதை விட நாகப்பட்டினம்தான் பெரிதாக வலித்தது. 'போச்சு, எல்லாம் போச்சு. எம்புட்டு நாள் பிரேக் பிடிச்சேன்!' கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து, சைக்கிளை நிமிர்த்தி, பாதையோரம் வந்து நின்றார். சார் வரட்டும், காலில் விழுந்தாவது பின்னால் சேர்ந்துகொள்வோம் என்று காத்திருந்தார். சார் வரவில்லை. பின்னால் யாருமே வரவில்லை.

மேலே நடந்தது வேறு. அதை ஆண்டிச்சாமி பிற்பாடு கண்ணால் பார்த்தபடி சொன்னார். இயக்குநரின் போன் அடித்திருக்கிறது. கரையில் துண்டோடு நின்றிருந்த அலுவலக உதவியாளர் மலைச்சாமி பேசினார்.

"அய்யா, சென்னையிலேர்ந்து தலைமை இயக்குநர் அய்யா வந்துருக்காக. அவுகளும் பேரு குடுத்துருக்காகளாம். டவுசர் போட்டு உக்காந்துருக்காக."

"எங்க? முன்னாடி போயிட்டாரா?"

"இல்லங்கய்யா. இன்னும் கெளம்பவே இல்ல."

"அப்ப… நாம அவருக்கு முன்னாடியா இருக்கோம்?"

"ரொம்ப முன்னாடி இருக்கீகய்யா."

ஒரு போட்டியாளர், தான் முன்னால் இருப்பது தெரிந்து இவ்வளவு கலங்கியதை அந்தக் கரடு அதற்கு முன் பார்த்திருக்காது. இன்பசேகரனுக்கு முகம் வெளிறிவிட்டது. அவருக்கும் ஒரு பதவி உயர்வு சென்னையில் நிலுவையில் இருந்தது. "திருப்புங்க வண்டியை!" என்றார். ஏழு சைக்கிளும் திரும்பின. வந்த வழியே, கடலைக்காட்டில் நின்றவர்கள் திட்டத் திட்ட, அன்றைக்கு அதுவரை காணாத வேகத்தில் ஏழு பேரும் கண்மாய்க் கரைக்கு விரைந்தார்கள். உண்மையிலேயே அவர்களால் வேகமாக ஓட்ட முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அங்கே தலைமை இயக்குநர் பந்தலில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஏன் கிளம்பவில்லை என்றால், துறைச் செயலாளரிடம் போனில் போட்டியைப் பற்றிச் சொன்னபோது அவர் 'பார்க்கலாம்' என்றாராம். செயலாளர் வந்தால்? அவருக்கு முன்னால் கிளம்பிவிட்ட பாவம் நமக்கெதற்கு? ஆகவே தலைமை இயக்குநர் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் மண்டல இயக்குநர் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். மதியம் பிரியாணியும் அதே வரிசையில் பரிமாறப்பட்டது.

இதெல்லாம் நல்லகாமனுக்குத் தெரியாது. வெங்காயக் காட்டோரம் நின்றவர் ஒரு முடிவுக்கு வந்தார்: நான் சேற்றில் கிடந்த நேரத்தில் சார் தாண்டிப் போயிருக்கிறார். வேறென்ன? அதிகாரி பின்னால் போவாரா? 'ஐயையோ, சாரை விட்டுட்டோமே! பிடிக்கணும். பிடிச்சு, பின்னால போயி ஒட்டிக்கணும்.' மிதித்தார் பாருங்கள், அப்படி ஒரு மிதி! பிரேக் இல்லாத சைக்கிள். பிடிக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஓடை, மேடு, முள்ளு, எதையும் பார்க்கவில்லை. தூரத்தில் ஆரஞ்சு சட்டை ஒன்று தெரிந்தது. விரட்டிப் பக்கத்தில் போனார்.

"சார், பிரேக்கு போயிருச்சு சார், தெரியாம—"

திரும்பிய முகம் வேறு. கோயம்புத்தூர்க்காரர்.

"யாருங்க?"

"எங்க சாருன்னு நினைச்சுட்டேன். பாத்தீகளா? இதே சட்டைதான். மெதுவாத்தான் போவாரு."

"பாக்கலீங்களே."

"அப்ப இன்னும் முன்னாடி போயிருக்காரு." கோயம்புத்தூர்க்காரரையும் தாண்டிப் பறந்தார்.

சைக்கிளை வைத்துவிட்டு ஓட ஆரம்பித்தார். வரப்பு, புளியந்தோப்பு, பாறைச் சரிவு. முன்னால் ஆள் தெரிகிற போதெல்லாம் சாராக இருக்குமோ என்று துரத்தினார். கிட்டப் போனால் இருக்காது. மன்னிப்புக் கேட்டுத் தாண்டினார். ஓட்டத்தின் கடைசியில் ஓடுகிறோம் என்பதே மறந்துபோயிற்று. சார் மறந்தார், நாகப்பட்டினம் மறந்தது. காற்று முகத்தில் அடித்தது, கால் தன்பாட்டுக்குப் போயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் அந்த மனிதர் யாருக்குப் பின்னாலும் இல்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

அப்போது வளைவு தெரிந்தது. மைக்கில் ஒருத்தர் உற்சாகமாக அலறினார்: "இதோ வர்றாரு! நாற்பது வயசுக்கு மேற்பட்ட பிரிவுல முதல் ஆளா, நம்ம எழுமலை மண்ணோட மைந்தன் நல்லகாமன்!"

வளைவுக்குப் பத்தடி முன்னால், முதுகு காட்டி ஒரு வரிசை நின்றது. தலைமை இயக்குநர், மண்டல இயக்குநர், துணை இயக்குநர், கண்காணிப்பாளர், ஓர் ஆள் இடம் விட்டு இளையவர் நாலு பேர். செயலாளரின் கார் உசிலம்பட்டி தாண்டிவிட்டது என்று அப்போதுதான் தகவல் வந்திருந்ததால், நீச்சல் கண்ணாடி மாட்டி, புறப்படத் தயாராக வரிசையில் நின்றார்கள். நல்லகாமன் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: ஆரஞ்சு சட்டை.

'அப்பாடா! சார் முன்னாடியே வந்துட்டாரு!'

அவருக்கு உயிர் வந்தது. ஓட்டத்தை நிறுத்தினார். மூச்சு வாங்க, சேறும் வியர்வையும் வழிய, ஆண்டிச்சாமிக்குப் பின்னால் நாலாம் ஆளாகப் போய் நின்றார். தலைமை இயக்குநரைச் சேர்த்தால் ஐந்தாம் ஆள்.

மைக்கின் உற்சாகம் இறங்கியது. அப்புறம் கெஞ்சியது. "சார், நல்லகாமன் சார், இன்னும் பத்தடிதான்! வாங்க சார்! கோட்டைத் தாண்டுங்க!"

நல்லகாமன் தாண்டவில்லை. முன்னால் நிற்பவர்கள் தாண்டினால்தானே?

பந்தலில் இருந்த சனம் எழுந்து நின்று கத்தியது. "யோவ், போய்யா!" சுபலட்சுமி கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். "என்னங்க, வாங்க! பத்தடிதாங்க!" மகள் அழுதே விட்டாள். நல்லகாமனுக்கும் கால் துடித்தது. பத்தடி. தன் வீட்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் உள்ள தூரம். ஆரஞ்சு சட்டையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கால் அசையவில்லை. உள்ளே ஏதோ கிறீச்சென்று பிடித்துக்கொண்டது.

பின்னால் காலடி கேட்டது. கோயம்புத்தூர்க்காரர்.

"என்னங்க, உங்க சாரு கெடச்சுட்டாருங்களா?"

"கெடச்சுட்டாருங்க."

"அப்ப நான் போகட்டுங்களா?"

"போங்க."

அவர் போனார். கோட்டைத் தாண்டினார். மேளம் அடித்தது.

இந்தச் சத்தத்தில் தலைமை இயக்குநர் திரும்பிப் பார்த்தார். "யாரு இந்த ஆள்? ஏன் இப்படி நிக்கிறாரு?"

இன்பசேகரன் வாட்சைப் பார்த்தார். ஆண்டிச்சாமி கைகொடுத்தார். "நம்ம ஊழியர்தாங்கய்யா. மொத்தப் பந்தயத்தையும் முடிச்சுட்டு வந்துட்டாரு. அய்யா தாண்டாம நான் எப்படித் தாண்டுறதுன்னு நிக்கிறாருங்க."

தலைமை இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான்யா ஒழுக்கம்! இதைத்தான் நான் முப்பது வருஷமாத் தேடுறேன்!" அந்த நேரம் பார்த்து இன்னொரு தகவல் வந்தது: உசிலம்பட்டி தாண்டியது செயலாளர் கார் இல்லை, தக்காளி ஏற்றிய வேன். இனிக் காத்திருக்கத் தேவையில்லை. தலைமை இயக்குநர் நிமிர்ந்தார். பத்தடி நடந்து கோட்டைத் தாண்டினார். அவருக்குப் பின்னால் மண்டல இயக்குநர். அவருக்குப் பின்னால் மற்றவர்கள், வரிசைப்படி. எல்லோருக்கும் பதக்கம் போட்டார்கள். நல்லகாமனுக்குப் போட வரும்போது, கணக்குக்கு மேல் ஒன்றிரண்டு பேர் தாண்டிவிட்டதால் பதக்கம் தீர்ந்துபோயிருந்தது. சான்றிதழ் தபாலில் வரும் என்றார்கள். மறுநாள் பேப்பரில், 'கண்மாயை நீந்திக் கடந்த தலைமை இயக்குநர்' என்று படம் வந்தது. படத்தின் ஓரத்தில் சேறு படிந்த ஒரு முழங்கை தெரிந்தது. சுபலட்சுமி அதை வெட்டி எடுத்து பீரோவில் ஒட்டினாள். ஒட்டும்போது ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"பத்தடிதானங்க?"

நல்லகாமனுக்கு அன்றைக்கு இட்லி இறங்கவில்லை.

ஆனால் மாறுதல் உத்தரவு ரத்தானது. அது மட்டுமா? 'முன்மாதிரியான பணிவு' என்று குறிப்பு எழுதி, எழுமலையில் புதிதாகத் திறந்த கிளை அலுவலகத்துக்குப் பொறுப்பு அதிகாரியாகவே போட்டுவிட்டார்கள். விளாங்குடியிலிருந்து பஸ்ஸில் போய், பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கண்மாய்க் கரை வழியாக அலுவலகம் போவார். அவருக்குக் கீழே ஒரு இளநிலை உதவியாளர் உண்டு. அஸ்வினி என்று பெயர். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்த பொண்ணு, மாநில அளவில் சைக்கிள் ஓட்டியவள். அவளும் சைக்கிளில்தான் வருவாள்.

ஒருநாள் காலை. கண்மாய்க் கரையில் நல்லகாமன் போய்க்கொண்டிருந்தார். பின்னால் கிறீச், கிறீச் என்று ஒரு சத்தம். அவருக்குத் தெரியாத சத்தமா? திரும்பிப் பார்த்தார். இரண்டு கையிலும் பிரேக்கைப் பிடித்தபடி அஸ்வினி.

"குட் மார்னிங் சார்."

"ஏம்மா, பிரேக்கு ரொம்பத் தேயுதோ?"

"ஆமா சார். மாசத்துக்கு ஒருக்கா மாத்துறேன்."

'முந்திப் போம்மா' என்று சொல்ல வேண்டும். நல்லகாமன் வாயைத் திறந்தார். வெங்காயக் காடு நினைவுக்கு வந்தது, பத்தடி நினைவுக்கு வந்தது, மகள் அழுதது நினைவுக்கு வந்தது. எல்லாம் நினைவுக்கு வந்தது.

"நல்ல கட்டையாப் போடும்மா. விளாங்குடியில அழகுபாண்டின்னு ஒரு பையன் இருக்கான்" என்றார்.

திரும்பி உட்கார்ந்து பெடலை இன்னும் கொஞ்சம் மெதுவாக மிதித்தார். பின்னாலிருந்து வந்த அந்தக் கிறீச் சத்தம் காதுக்கு இதமாக இருந்தது.

அஸ்வினிக்கும் பின்னால் ஒரு டிவிஎஸ் வண்டி முனகிக்கொண்டு வந்தது. அதே மடை ஷட்டருக்காக அதே மனுவை வைத்துக்கொண்டு ஜெயக்கொடி. அவர் இந்த அலுவலகத்து ஆள் இல்லை. அவருக்குப் பணிமூப்பு கிடையாது. அன்றைய குறிப்பாணைப்படி அவர் யாரை வேண்டுமானாலும் முந்தலாம். வயலில் பயிர் வாடிக்கொண்டிருந்தது. கரை அகலமாகத்தான் இருந்தது. முன்னால் போகிறவர் யாரென்று பார்த்தார். ஆக்சிலேட்டரைக் குறைத்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டார்.